தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றப் பணம் எங்கிருந்து வரும்? நகராட்சிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எல்இடி விளக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. இழுபறியெல்லாம் பணத்தில்தான்: முதலில் யார் போடுவது, பிறகு யார் கட்டுவது, எதிலிருந்து கட்டுவது. மன்ற உறுப்பினர்கள், பொறியாளர்கள், கணக்குப் பிரிவினர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. எரியாத விளக்குகளைப் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மிச்சமாகும் மின்கட்டணமே கடனை அடைத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மைதான். ஒரே ஒரு கம்பத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய மஞ்சள் விளக்கின் மேல் 150 வாட் சோடியம் என்று எழுதியிருக்கும். சோக் இழுப்பதையும் சேர்த்தால் மீட்டரில் ஏறுவது சுமார் 170 வாட். அந்த இடத்தில் 70 வாட் எல்இடி ஃபிட்டிங் போதும் என்று வைத்துக்கொள்வோம். அந்தியிலிருந்து விடியும்வரை எரியும் விளக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 4,100 மணி நேரம் எரிகிறது. 100 வாட் குறைந்தால் ஆண்டுக்கு 410 யூனிட் மிச்சம்.

செலவையும் பணத்தில் சொல்லாமல் யூனிட்டிலேயே சொல்லலாம். அப்போது எந்த ஊருக்கும் கணக்கு பொருந்தும். ஃபிட்டிங் விலை, ஏற்றும் கூலி, வயர் எல்லாம் சேர்ந்து, 2,050 யூனிட்டுக்கு நீங்கள் கட்டும் தொகை ஆகிறது என்றால், போட்ட பணம் ஐந்து ஆண்டில் திரும்பிவிடும். உங்கள் ஊர் மின்கட்டண விகிதத்தைப் போட்டுப் பார்த்தால் விடை உடனே தெரியும். கட்டணம் மலிவாக உள்ள ஊரில் அதே ஃபிட்டிங் 4,000 யூனிட்டுக்குச் சமமாகிவிடும். அங்கே பத்து ஆண்டு ஆகும்.

பராமரிப்பு மிச்சம் இதற்கு மேல். சோடியம் விளக்கின் ஆயுள் சுமார் 24,000 மணி நேரம், அதாவது ஆறு ஆண்டுகூட முழுதாக வராது. நல்ல எல்இடி ஃபிட்டிங்குக்கு 50,000 முதல் 1,00,000 மணி நேரம்வரை சொல்கிறார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. பராமரிப்பு ஊழியர்களும் வண்டியும் நகராட்சிச் சம்பளத்திலேயே தொடர்ந்தால், அந்த மிச்சம் காகிதத்தில்தான் இருக்கும். கடன் தவணை கட்ட உதவாது.

வட்டி எவ்வளவு வித்தியாசம் செய்யும்?

நினைப்பதைவிட அதிகம். மேலே சொன்ன அதே விளக்குக்கு 8 சதவீத வட்டியில் கடன் வாங்கி, மிச்சமாவதை அப்படியே தவணையாகக் கட்டினால், ஐந்து ஆண்டு என்பது ஆறரை ஆண்டைத் தாண்டிவிடும். 12 சதவீதம் என்றால் எட்டு ஆண்டு. 20 சதவீதம் என்றால்? 2,050-க்கு வட்டி மட்டுமே ஆண்டுக்கு 410. மிச்சம் முழுவதும் வட்டிக்கே போய்விடும், அசல் ஒரு யூனிட்கூடக் குறையாது.

அதனால்தான் ஒரே விளக்குத் திட்டம் ஓர் ஊரில் லாபமாகவும் பக்கத்து ஊரில் சுமையாகவும் முடிகிறது. ஃபிட்டிங் விலையில் ஐந்து சதவீதம் குறைக்க மாதக்கணக்கில் பேரம் பேசும் நகராட்சிகள், வட்டி விகிதத்தை வந்தபடி ஏற்றுக்கொள்வதைப் பார்க்கிறோம். பேரத்தை அங்கே பேசியிருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் பல விளக்குகள் எரிவதே இல்லை. அதனால் கணக்கு மாறுமா?

தலைகீழாக மாறும். திட்டங்கள் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான்.

பதிவேட்டில் 10,000 விளக்குகள், எல்லாம் 170 வாட். 70 வாட்டுக்கு மாற்றினால் காகிதப்படி 1,000 கிலோவாட் குறைய வேண்டும், ஆண்டுக்கு 41 லட்சம் யூனிட். உண்மையில் 3,000 விளக்குகள் எரியாமல் கிடந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய சுமை 7,000 விளக்குகளுடையதுதான், 1,190 கிலோவாட். புதிய விளக்குகள் பத்தாயிரமும் எரியும், 700 கிலோவாட். மிச்சம் 490 கிலோவாட், சுமார் 20 லட்சம் யூனிட். எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. தெரு வெளிச்சமாகியிருக்கிறது, மக்களுக்கு நல்லதுதான். ஆனால் கடன் கொடுத்தவர் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்.

ஆகவே கடன் பேசும் முன் கம்பம் கம்பமாக எண்ணுங்கள். எந்தக் கம்பம், என்ன விளக்கு, எரிகிறதா, எந்த மீட்டரில் சேர்கிறது, கம்பம் துருப்பிடித்திருக்கிறதா. ஒப்பந்தத்தில் அடிப்படை அளவு என்று எழுதப்படுவது இந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் வர வேண்டும், பழைய பதிவேட்டிலிருந்து அல்ல. எரியாத விளக்குகளை எரிந்ததாகப் பாவித்து மிச்சத்தைக் கணக்கிடுவதா, வேண்டாமா என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். விளக்குகளை மாற்ற முதலீடு போடும் நிறுவனங்கள் அப்படிப் பாவிக்கச் சொல்லிக் கேட்கும். அதில் ஓரளவு நியாயமும் உண்டு, அவர்கள் கொடுக்கும் வெளிச்சம் முழு ஊருக்கும்தானே. ஒத்துக்கொண்டால், அந்தக் கூடுதல் வெளிச்சத்துக்கான பணத்தைப் பொது நிதியிலிருந்து தனியாக ஒதுக்கிவிடுங்கள். மின்கட்டண மிச்சத்திலிருந்து அது வராது.

எங்கள் தெருவிளக்குகளுக்கு மீட்டரே இல்லை. விளக்குக்கு இவ்வளவு என்று கட்டுகிறோம். என்ன செய்வது?

முதலில் மின் விநியோக நிறுவனத்திடம் பேசுங்கள். விளக்கை மாற்றியபின்னும் பழைய வாட் கணக்கிலேயே பில் வந்தால், மிச்சமாகும் மின்சாரம் முழுக்க அவர்களுக்கே. ஒன்று மீட்டர் பொருத்த வேண்டும். இல்லையென்றால் எல்இடிக்கெனத் தனிக் கட்டண விகிதம் எழுத்தில் வர வேண்டும், எந்தத் தேதியிலிருந்து என்பதோடு.

கம்பமும் விளக்கும் யாருக்குச் சொந்தம் என்பதும் இதோடு சேர்ந்தது. அமெரிக்காவில் பல ஊர்களில் தெருவிளக்குகள் மின் நிறுவனத்தின் சொத்து, நகராட்சி வாடகைதாரர் மாதிரிதான். அங்கே விளக்குகளை விலைக்கு வாங்கிக்கொண்டு பிறகு மாற்றிய ஊர்களும் உண்டு, நிறுவனத்தையே மாற்ற வைத்து கட்டணத்தைத் திருத்திக்கொண்ட ஊர்களும் உண்டு. சொந்தமில்லாத பொருளை மாற்றுவதற்கு யாரும் கடன் தரமாட்டார்கள்.

நிதி திரட்ட என்னென்ன வழிகள் உண்டு?

சொந்த நிதி, வங்கிக் கடன், கடன் பத்திரம், குத்தகைத் தவணை, மின்சேவை நிறுவனத்தின் முதலீடு, நீண்டகாலத் தனியார் கூட்டு. நடைமுறையில் இரண்டு மூன்றைக் கலந்துதான் செய்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் 2009-இல் தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல உதாரணம். சுமார் 1,40,000 விளக்குகள், செலவு ஏறக்குறைய 5.7 கோடி டாலர். அதில் 4 கோடி நகரத்துக்கே சொந்தமான மின் நிறுவனத்திடம் கடன். மீதி, அதே நிறுவனம் மின்சேமிப்புக்குக் கொடுத்த தள்ளுபடியும் தெருவிளக்குப் பராமரிப்பு நிதியும். மின் பயன்பாடு 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கடனை ஏழு ஆண்டில் மிச்சத்திலிருந்தே அடைப்பதாகத் திட்டம். எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஆண்டுவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். எல்இடி விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிய காலம் அது, பின்னால் வாங்கியவை மலிவாகவே கிடைத்தன.

டெட்ராய்ட் கதை வேறு. 2013-இல் அந்த நகரம் திவாலானது, விளக்குகளில் சுமார் 40 சதவீதம் எரியவில்லை. திவாலான நகராட்சிக்கு யார் கடன் கொடுப்பார்கள்? அதனால் தெருவிளக்குக்கென்றே தனி ஆணையம் அமைத்தார்கள். மின்சாரம், தொலைபேசி போன்ற சேவைகளின் மேல் வசூலாகும் வரியில் ஆண்டுக்கு 1.25 கோடி டாலரை அதற்கு ஒதுக்கி, அந்த வருமானத்தின் பேரில் 18.5 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். 2016 இறுதிக்குள் 65,000 விளக்குகள் எரிந்தன. முன்பு இருந்தவை சுமார் 88,000. மக்கள்தொகை சுருங்கிய ஊரில் பழைய எண்ணிக்கை தேவையில்லை என்று துணிந்து குறைத்தார்கள். ஒன்றை எடுத்துவிட்டு அங்கேயே ஒன்றைப் போடுவது என்ற பழக்கத்தை விட்டால், மிச்சம் அங்கிருந்தே தொடங்கும்.

எஸ்கோ என்று சொல்கிறார்களே, அது என்ன?

மின்சேமிப்புச் சேவை நிறுவனத்தை அப்படிச் சொல்வது வழக்கம். இரண்டு வகை ஒப்பந்தம் பொதுவானது. ஒன்றில், கடன் நகராட்சி பேரில் இருக்கும். இவ்வளவு யூனிட் குறையும் என்று நிறுவனம் உத்தரவாதம் தரும், குறையாவிட்டால் வித்தியாசத்தை அது கட்டும். மற்றதில், முதலீடு நிறுவனத்துடையது, மிச்சமாவதை இருவரும் விகிதம் போட்டுப் பகிர்ந்துகொள்வார்கள்.

இரண்டாவது கேட்க இனிப்பாக இருக்கும், கையிலிருந்து ஒரு காசும் போட வேண்டாமே. ஆனால் நிறுவனம் வாங்கும் கடனின் வட்டி நகராட்சிக்குக் கிடைக்கும் வட்டியைவிட அதிகம், ஆபத்துக்கும் ஒரு விலை சேரும். கடன் வாங்கும் தகுதி உள்ள நகராட்சி உத்தரவாத வகையை எடுப்பதே எங்கள் பார்வையில் நல்லது. கடன் வரம்பு தீர்ந்துபோன நகராட்சிக்குத்தான் மற்றது.

மிச்சத்தைப் பணமாக அல்ல, யூனிட்டாக உத்தரவாதம் கேளுங்கள். அடுத்த ஆண்டு மின்கட்டணம் உயர்ந்தால் பணக்கணக்கில் எல்லாம் சாதனையாகத் தெரியும்.

நகராட்சி தவணை கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று முதலீட்டாளர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. பணம் எந்த வழியாக அவர் கைக்கு வரும் என்பதைக் காட்ட வேண்டும்.

இந்தியாவில் 2015 ஜனவரியில் தெருவிளக்குத் தேசியத் திட்டம் தொடங்கியது. மத்திய அரசின் மின்துறைப் பொதுத்துறை நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் இஇஎஸ்எல் முதலீட்டைப் போடும், நகராட்சிகள் பராமரிப்பையும் சேர்த்து வழக்கமாக ஏழு ஆண்டில் தவணையாகத் திருப்பித் தரும். மொத்தமாக வாங்கியதில் விலை நன்றாகக் குறைந்தது, 1.3 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் மாறின. தொழில்நுட்பம் காலை வாரவில்லை. பல நகராட்சிகளிடமிருந்து தவணை வராமல் நிலுவை பெருகியதுதான் திட்டத்தின் தலைவலி. மின்கட்டணமே பாக்கி வைக்கும் நகராட்சியில் பில் பாதியானால் என்ன மிச்சமாகும்? கட்டாத பாக்கி பாதியாகும், அவ்வளவுதான். தவணைக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது.

பிரேசில் வேறு வழி கண்டது. 2002-இல் அரசியலமைப்பைத் திருத்தி, தெருவிளக்குக்கென்றே ஒரு கட்டணம் வசூலிக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அது வீட்டு மின்பில்லோடு சேர்ந்து வசூலாகிறது, அப்போது வேறு செலவுக்குத் திருப்ப அனுமதி இருக்கவில்லை. அந்தப் பணம், மூன்றாம் தரப்பு பொறுப்பில் இருக்கும் தனி எஸ்க்ரோ கணக்கில் விழுந்து, முதலில் ஒப்பந்ததாரருக்கும் பிறகுதான் நகராட்சிக்கும் போகும்படி ஒப்பந்தங்கள் போட முடிந்தது. பெலோ ஒரிசோன்டே நகரம் சுமார் 1.8 லட்சம் விளக்குகளுக்கு 2016-இல் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது இந்த வருமானத்தை நம்பித்தான்.

உங்கள் ஊரில் இப்படித் தனிக் கட்டணம் இல்லாவிட்டாலும், சொத்து வரியில் ஒரு பங்கு, மாநில அரசு மாதாமாதம் அனுப்பும் பங்குத்தொகை, மூன்று மாதத் தவணைக்கான வைப்பு என ஏதாவது ஒன்றைத் தவணைக்கென்றே முன்கூட்டியே ஒதுக்கிவைக்கலாம். வட்டியைக் குறைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இந்த ஒப்பந்தம் நகராட்சிக் கடன் கணக்கில் சேருமா?

நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவில் இதைப் பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டும் ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் 2018-இல் தனி வழிகாட்டியே வெளியிட்டன. ஆபத்தும் லாபமும் பெரும்பகுதி நிறுவனத்தின் பக்கம் இருந்தால், முதலீடு அரசுக் கணக்கில் கடனாக ஏறாது என்பது அதன் சாரம். கணக்கில் காட்டாமல் இருப்பதற்காகவே விலை கூடிய ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டும் வேண்டாம். கணக்கில் ஏறாவிட்டாலும் தவணை தவணைதான்.

மானியமோ வட்டியில்லாக் கடனோ கிடைக்குமா?

தேடினால் கிடைக்கும். இங்கிலாந்தில் சாலிக்ஸ் என்ற அரசு நிதி அமைப்பு பல ஆண்டுகள் பொதுத்துறைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பல தெருவிளக்குத் திட்டங்கள் அதில் நடந்தன. ஐரோப்பிய முதலீட்டு வங்கி நிர்வகிக்கும் எலெனா திட்டம் விளக்கு வாங்கப் பணம் தராது. கணக்கெடுப்பு, வடிவமைப்பு, டெண்டர் ஆவணம் போன்ற முன்வேலைச் செலவில் 90 சதவீதம்வரை தரும். கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் இதுதான் அதிகம் பயன்படும் மானியம் என்பேன். விளக்குக்குக் கடன் கொடுக்கப் பலர் உண்டு, எண்ணுவதற்குப் பணம் கொடுக்க ஆளில்லை.

எங்களிடம் 800 விளக்குகள்தான். யார் வருவார்கள்?

தனியாக யாரும் வரமாட்டார்கள். வழக்கறிஞர், ஆலோசகர், அளவீடு என்ற செலவெல்லாம் 800 விளக்குக்கும் 80,000 விளக்குக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அக்கம்பக்கத்து நகராட்சிகளோடு சேர்ந்து ஒரே டெண்டர் விடுங்கள், அல்லது மாநில அளவிலான நிறுவனம் ஒன்றின் வழியாகப் போங்கள். சேரும்போது ஒரு விஷயம் கவனம்: ஒருவர் தவணை தவறினால் மற்றவர் பொறுப்பாகாதபடி எழுதிக்கொள்ளுங்கள்.

தூரத்திலிருந்தே மங்கலாக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் சேர்த்து வாங்கலாமா?

தனிக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். நம் 70 வாட் விளக்கை நள்ளிரவிலிருந்து ஆறு மணி நேரம் பாதி அளவில் எரியவிட்டால் ஆண்டுக்கு சுமார் 77 யூனிட் மிச்சம். சோடியத்திலிருந்து மாறியதில் வந்தது 410. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, மொத்தமாக 487 யூனிட் என்று காட்டும் விற்பனையாளர், கருவி தன் விலைக்குத் தாங்காது என்பதை மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மங்கலாக்க மட்டும் என்றால், எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற கருவிக்குள்ளேயே நேரம் பதித்துத் தரும் வசதி மலிவு.

தொலைக் கட்டுப்பாட்டின் உண்மையான பலன் வேறு இடத்தில்: எந்த விளக்கு அணைந்தது என்று அன்றே தெரியும், ஒவ்வொரு விளக்கும் இழுத்த மின்சாரம் பதிவாகும். பெரிய ஊருக்கு அது வேண்டும். இப்போது வாங்க முடியாவிட்டாலும், பின்னால் செருகிக்கொள்ளும் சாக்கெட் உள்ள ஃபிட்டிங்கைக் கேட்டு வாங்குங்கள்.

கடன் தீரும் முன்பே விளக்கு கெட்டுவிட்டால்?

நியாயமான பயம். டெட்ராய்டில் அது நடந்தது. மாற்றும் வேலை முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகாத நிலையில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விளக்குகள் மங்கியும் கருகியும் போவதாக 2019-இல் ஆணையம் நீதிமன்றம் போனது.

உத்தரவாதக் காலம் கடன் காலத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. பத்து ஆண்டு உத்தரவாதம் இன்று கேட்டால் கிடைக்கிறது. உத்தரவாதத்தில் விளக்கு மட்டும் போதாது, டிரைவரும் சேர வேண்டும். முதலில் போவது பெரும்பாலும் எல்இடி அல்ல, டிரைவர்தான். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரென்றால், இடி மின்னல் அதிகமென்றால், சர்ஜ் பாதுகாப்பைத் தனி உறுப்பாகக் கேளுங்கள். அப்புறம் கம்பத்தில் ஏறி இறங்கும் கூலி யாருடையது என்ற வரி. புது ஃபிட்டிங்கை இலவசமாக அனுப்பிவைத்துவிட்டு, மாட்டுவது உங்கள் பொறுப்பு என்று சொல்லும் உத்தரவாதங்கள் நிறைய.

இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்தால் விலை குறையுமே?

ஓராண்டு பொறுத்தால் 410 யூனிட் போகும். 2,050 யூனிட் செலவில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஆண்டுக்கு 20 சதவீதம் விலை இறங்கினால் பொறுத்ததற்குச் சரியாகப் போகும். லாஸ் ஏஞ்சலஸ் தொடங்கிய காலத்தில் அந்த வாதம் எடுபட்டது. இப்போது அந்த வேகத்தில் விலை இறங்குவதில்லை.

மக்கள் கண் கூசுகிறது என்று புகார் சொன்னால் செலவு கூடுமா?

கூடும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 2014-இல் போட்ட வெள்ளை விளக்குகள் வீட்டுக்குள் அடிக்கின்றன என்று மக்கள் எதிர்த்ததால், குடியிருப்புத் தெருக்களில் போட்டவற்றைக் கழற்றிவிட்டு 2,700 கெல்வின் விளக்குகளை (கெல்வின் என்பது ஒளியின் நிற அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) வாங்கிப் போட்டார்கள். ஒரே தெருவுக்கு இரண்டு முறை செலவு. அமெரிக்க மருத்துவர் சங்கம் 2016-இல் 3,000 கெல்வினுக்கு மேல் வேண்டாம் என்றது. வெண்மை கூடக்கூட ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கிடைப்பது உண்மைதான், இன்றைய எல்இடியில் அந்த வித்தியாசம் சிறிது. முழு டெண்டருக்கு முன் இரண்டு மூன்று தெருக்களில் போட்டு, அங்கே குடியிருப்பவர்களையே கேளுங்கள்.

கார்பன் வரவு விற்றுப் பணம் வருமா?

குறைத்த கார்பன் உமிழ்வைச் சான்றாக்கி விற்கும் வழிமுறை உண்டு. ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சி ஏற்பாட்டில் தெருவிளக்குக்கென்றே ஒரு கணக்கீட்டு முறை இருந்தது. ஒரு விளக்குக்கு வரும் தொகை மிகச் சிறிது, சரிபார்ப்புச் செலவு பெரிது. வந்தால் வரட்டும், கடன் திட்டத்தில் வரவாக எழுதாதீர்கள்.

மிச்சத்தை யார் அளப்பது?

விற்பவரும் வேண்டாம், நகராட்சிப் பொறியாளர் மட்டும் தனியாகவும் வேண்டாம். இருவரும் ஒத்துக்கொண்ட மூன்றாம் தரப்பு. மாற்றுவதற்கு முன் சில பீடர்களில் (விளக்கு வரிசைக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) மீட்டர் வைத்து சில வாரங்கள் பதிவெடுத்து, மாற்றியபின் அதே பீடர்களில் அதே அளவை எடுக்க வேண்டும். எரியும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், முன்னும் பின்னும் எடுத்ததை ஆண்டு மணி நேரத்துக்குச் சரிக்கட்டுவார்கள். இரவில் வெளிச்ச அளவையும் எடுக்கச் சொல்லுங்கள். மின்சாரத்தைக் குறைக்க மிகச் சுலபமான வழி தெருவை இருட்டாக்குவது, அளக்காவிட்டால் யாராவது அதைச் செய்வார்கள்.

கழற்றிய பழைய விளக்குகளை என்ன செய்வது?

சோடியம், பாதரச விளக்குகள் இரண்டிலும் பாதரசம் உண்டு, குப்பையில் போடக் கூடாது. உயரழுத்தப் பாதரச விளக்குகளின் தயாரிப்பும் இறக்குமதி ஏற்றுமதியும் மினமாட்டா உடன்படிக்கைப்படி 2020-உடன் முடிவுக்கு வந்துவிட்டன, கிடங்கில் உள்ளவற்றைச் சேமித்து வைத்தும் பயனில்லை. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கும் பொறுப்பை ஒப்பந்ததாரர் மேல் எழுதுங்கள். பழைய ஃபிட்டிங்கின் அலுமினியம், சோக்கில் உள்ள செம்பு இரண்டுக்கும் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. அந்தப் பணம் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால், அது யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.